இடுப்பு விழுந்த கிழங்கு

ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தச் சலவைக்கடை மாடி அறையில் தூக்கம் வருகிறதா, இருமல் விட்டதா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். மொத்தமாக 'நலம்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

விஷயம் இதுதான். அடுப்படிக்குப் பின்னால் கொடி கட்டித் துணி காயப்போடும் இடம் இருக்கிறதே, அதைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். சிரிக்காதே. முகம் தெரியாத ஆட்கள் வாடிய இலையை உறையில் போட்டு உன் விவசாய ஆபீசுக்கு அனுப்பினால் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறாயாம். கூடப் பிறந்தவளுக்கு எப்போதாவது ஒரு கார்டு. அதனால்தான் இந்த ஏற்பாடு. செடிக்குச் சீக்கு வந்தால் அவன் கை தானாக எழுதும் என்று உன் மச்சானிடம் சொன்னேன். "சீக்கு வரணும்னு வேண்டிக்கிட்டு தோட்டம் போடற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றார்.

வேண்டுதல் பலித்துவிட்டது. பாதி இடத்தில் முளையே காணோம். விரலால் தோண்டிப் பார்த்தால் நட்ட துண்டு கூழாகிக் கிடக்கிறது, நாற்றம் வேறு. மற்ற பாதி நன்றாகத்தான் எட்டிப் பார்க்கிறது. ஒரே கை, ஒரே மண், ஒரே தண்ணீர். ஏன் இப்படி? செடி டாக்டரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கிழிக்காதே: சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இருமல் போய்விட்டது. நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

நீ எப்படி நட்டாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். தையற்காரி புத்தி. துணியில் ஒரு விரற்கடை வீணாகாமல் வெட்டுகிறவள், விதைக் கிழங்கையும் ஒரு கண்ணுக்கு ஒரு துண்டு என்று பொடிப்பொடியாக வெட்டியிருப்பாய். வெட்டிய கையோடு ஈர மண்ணில் புதைத்திருப்பாய். வெட்டுக்காயம் ஆற இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வைக்க வேண்டும், அக்கா. இல்லாவிட்டால் அழுகத்தான் செய்யும். சின்னக் கிழங்கு என்றால் வெட்டவே கூடாது, முழுசாக நட வேண்டும். போனது போகட்டும், மிச்சத்தைப் பார்.

எப்படிக் கண்டுபிடித்தான் என்று ஆச்சரியப்படாதே. எங்கள் வேலையின் சூட்சுமமே இதுதான். எழுதுகிறவர்கள் இலையைப் பற்றி எல்லாவற்றையும் எழுதுவார்கள். தண்ணீர் ஊற்ற மறந்ததை எழுத மாட்டார்கள். உரத்தை அள்ளிக் கொட்டியதை எழுத மாட்டார்கள். எழுதாமல் விட்டதைப் பிடித்துவிட்டால் நோயைப் பிடித்த மாதிரி. அதில் நான் புலி என்று ஆபீசில் பேர். மேசை நிறைய உறைகள் கிடக்கின்றன, அக்கா. உன்னுடையதைத்தான் முதலில் பிரித்தேன்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் இரண்டு பக்கமும் மண்ணை இழுத்துத் தூரில் அணைத்துவிடு. மறக்காதே. அதுதான் உருளைக்கு உயிர்.

தம்பி

பிப்ரவரி 21

என் செடி டாக்டருக்கு,

இங்கே எல்லாம் ஒரு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. நீ நன்றாக இருந்தால் எங்களுக்கு அது போதும். உன் கடிதத்தை உன் மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். 'தையற்காரி புத்தி' என்ற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எல்லாம் நீ சொன்னபடியேதான். பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாய்.

இப்போது புதுத் தொல்லை. கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளி. வெறும் புள்ளி இல்லை, வட்டத்துக்குள் வட்டமாக, கோட்டுப் பொத்தான் அளவுக்கு. ஓர் இலையை உள்ளே வைத்திருக்கிறேன். புள்ளி விழுந்த இலை மஞ்சளாகித் தொங்கிவிடுகிறது. மேல் இலைகள் நன்றாக இருக்கின்றன.

நான் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் தோட்டம் பார்க்கிறேன். குனிந்தால் தலை சுற்றுகிறது, வயசாகிறது அல்லவா. உன் மச்சான் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்துவிட்டார், மிதிக்கிற வேலை மிச்சம். கையில் வேலை இல்லாத நேரத்தில் என் சட்டைகளையெல்லாம் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தேன். எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. நான் எப்படி இத்தனை நாள் அளவு தப்பாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன் என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிழங்கு தோண்டும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் கிழங்கை நீதான் எடுக்க வேண்டும். வேறு எதுவும் நான் கேட்க மாட்டேன்.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள்.

இலை வந்து சேர்ந்தது. கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இலைக்கருகல். மண்ணில் இருக்கும் பூஞ்சணம் தண்ணீர் தெறித்து இலைக்கு ஏறுகிறது. இது பலமுள்ள செடியை அவ்வளவாகத் தொடாது. உள்ளுக்குள் சோர்ந்துபோன செடியைத்தான் பிடிக்கும். புள்ளி விழுந்த கீழ் இலைகளைக் கிள்ளி எரித்துவிடு. தண்ணீரை இலைமேல் ஊற்றாதே, தூரில் ஊற்று. நாள் தவறாமல் அளவாக ஊற்று.

மண் அணைத்தாயா? அதைப் பற்றி மூச்சே விடவில்லையே. முக்காலியில் உட்கார்ந்து தோட்டம் போடும் மகாராணியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எழுந்து மண்வெட்டியைப் பிடி.

நான் வருவதைப் பற்றிக் கேட்டாய். மே மாசம் என்னை வேலையில் நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள். அதுவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மா படுத்தபோது பரீட்சையை விட்டு ஓடிவந்ததில் ஒரு வருஷம் போனது உனக்கே தெரியும். தோண்டும் நேரத்துக்கு வரப் பார்க்கிறேன். சத்தியம் செய்யச் சொல்லாதே.

தம்பி

மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நாங்கள் வீட்டிலேயே இல்லை. உன் மச்சானின் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டோம். எனக்கு ஜன்னலோரப் படுக்கை. வெள்ளை விரிப்பு, வெள்ளைச் சுவர். சாப்பாட்டில் உப்பும் கிடையாது, காரமும் கிடையாது. விருந்தாளியாகப் போன இடத்தில் என்ன பேச முடியும்? விடியுமுன்னே எழுப்பிவிடுவார்கள். உன் மச்சானுக்குப் பாவம், உட்கார ஒரு பெஞ்சுதான் கொடுத்தார்கள்.

வந்து பார்த்தால் செடிகள் துவண்டு கிடந்தன. மனசு கேட்கவில்லை. உன் மச்சானை வாளி வாளியாக ஊற்றச் சொன்னேன், நிமிர்ந்துவிட்டன. ஆனால் ஓரத்தில் சில கிழங்குகள் மண்ணுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு பச்சை பச்சையாக இருக்கின்றன. இது நல்லதா, கெட்டதா? ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அது நடுவில் ஒடுங்கி, இடுப்பு வைத்த மாதிரி இருக்கிறது. தையற்காரி வளர்த்தால் கிழங்கும் இடுப்புப் பிடித்துத்தான் வரும் போல என்றார் உன் மச்சான். அதைச் சின்ன டப்பாவில் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

தோண்டும்போது வருவாய் அல்லவா? சும்மா கேட்டேன்.

உன் அக்கா

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்றுக்கும் பதில் ஆயிற்று. இப்போது உன்னைத் திட்ட வேண்டும்.

டப்பாவில் வந்தது கிழங்கு இல்லை, சாட்சி. வளர்ந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றுபோனால் கிழங்கு அப்படியே நின்றுவிடும். பிறகு யாராவது திடீரென்று அள்ளி ஊற்றினால் விட்ட இடத்திலிருந்து மறுபடி பருக்கும். அந்த நின்ற இடம்தான் இடுப்பு. இதை வைத்தே நீ மார்ச் மாசத்தில் தோட்டத்தை அம்போ என்று விட்டுவிட்டுப் போனதைச் சொல்லிவிடுவேன். அப்படி என்ன தலைபோகிற விருந்து? அதுவும் உப்பில்லாத சாப்பாட்டுக்கு. உன் நாத்தனார் கைக்கு உப்பு கூடுதல்தான் என்று நீயே எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்? அங்கே போய் இரண்டு வாரம் படுத்துக்கிடந்தாயா?

பச்சை விழுந்ததும் உன் சோம்பேறித்தனம்தான். மண் அணைக்கவில்லை, வெயில் பட்டது, பச்சையாகிவிட்டது. அதைச் சாப்பிடாதே, கசக்கும், விஷம். ஆனால் தூக்கி எறியாதே, விதைக்கு ஆகும். நிழலான இடத்தில் ஜன்னல் விளிம்பில் பரப்பி வை. நீ இப்படி இருந்ததே இல்லையே, அக்கா. ஒரு நாளைக்கு எத்தனை சட்டை தைத்துவிட்டு நாலு குடம் தண்ணீர் தூக்குவாய். ஒரு மண்வெட்டி மண்ணை இழுத்துப் போட முடியவில்லையா?

திட்டினேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. ஊசி குத்தி விரல் வீங்கியிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல உன் மச்சான் எழுதுகிறார். பஸ் ஓட்டுகிற கை, எழுத்தும் மேடு பள்ளத்தில்தான் போகும். நாங்கள் சௌக்கியம். நீயும் அப்படி இருக்க வேண்டும். நீ திட்டியதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அம்மா போன பிறகு என்னைச் சோம்பேறி என்று திட்ட ஆளே இல்லாமல் இருந்தது.

மண் அணைத்தாயிற்று, உன் மச்சான்தான் செய்தார். நான் முக்காலியிலிருந்து அதிகாரம் செய்தேன். பச்சைக் கிழங்குகளை ஜன்னலில் பரப்பிவிட்டோம். இடையில் மறுபடி ஒரு வாரம் வெளியே போக வேண்டியதாகிவிட்டது, அதற்கும் சேர்த்து இப்போதே திட்டிக்கொள். செடிகள் லேசாக மஞ்சள் தட்டுகின்றன. எப்போது தோண்டலாம்?

உன் அக்கா

மாப்பிள்ளை, இது நானாக எழுதும் வரி. உங்கள் அக்கா கண்ணயர்ந்திருக்கிறாள். கிழங்கைச் சீக்கிரமே தோண்ட வேண்டியிருக்கும் போலிருக்கிறது. இந்த வாரமே வர முடியுமா? வந்தால் நல்லது.

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நலம். விரல் வீக்கம் வடிந்திருக்கும்.

மச்சான், அவசரப்படவே கூடாது. இந்த நேரத்தில் தோண்டினால் இத்தனை மாசப் பாடும் வீண். தோல் முற்றியிருக்காது, கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்து வந்துவிடும், வைத்திருந்தால் அழுகும். செடி முழுசாக மஞ்சளாகித் தானாகச் சாய வேண்டும். சாய்ந்த பிறகும் இரண்டு வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். அப்போதுதான் தோல் கெட்டியாகும். பொறுத்திருங்கள், ஒன்றும் ஓடிப்போகாது.

அதுவும் எனக்குத் தோதுதான். மே மாசக் கடைசியில் வேலை நிரந்தர ஆர்டர் கையில் வந்துவிடும். வாங்கிக்கொண்டு நேரே வந்து முதல் கிழங்கை நானே எடுக்கிறேன். இப்போது சத்தியமே செய்கிறேன். போதுமா, அக்கா?

தம்பி

மே 4

என் கண்ணுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல். சோம்பேறி என்று நீ வைத்த பேரைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? நீ சத்தியம் செய்ததைப் படித்தேன். செடிகள் எல்லாம் சாய்ந்துவிட்டன. நீ சொன்னபடி மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்திருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் படுக்கையிலிருந்தே தெரிகிறது.

இந்தத் தடவை கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த நாலு மாசத்தில் நீ எழுதியது போல் நீ எனக்கு எப்போதும் எழுதியதில்லை. உருளை போட்டது எனக்கு லாபம்தான்.

வேளைக்குச் சாப்பிடு. ஆர்டர் வந்ததும் நல்ல சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொள். தோள் அளவு பார்த்து வாங்கு, நீ எப்போதும் பெரிதாக வாங்கிவிடுவாய்.

அக்கா

ஜூன் 10

மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுத வராது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன். சாப்பாடு டெப்போவிலேயே ஆகிவிடுகிறது. நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

நான் ஆபீசுக்குப் போன் போட்டு, நீங்கள் வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. இருந்த மூன்று நாளும் நீங்கள் அடுப்படிக்குப் பின்னால் போகவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. நேற்றுத்தான் தோண்டினேன். இரண்டு கூடை வந்தது. தோல் நன்றாக முற்றியிருக்கிறது, தேய்த்தால் உரியவில்லை.

நிறைய கிழங்குக்கு இடுப்பு விழுந்திருக்கிறது. சிலவற்றுக்கு இரண்டு இடுப்பு. ஏன் என்று உங்களைக் கேட்க வேண்டியதில்லை, எனக்கே தெரிகிறது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தது மார்ச்சில். இரண்டாவது ஏப்ரலில். நான் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "அம்மாவுக்கு ஓடிவந்து ஒரு வருஷத்தைத் தொலைச்சான். எனக்காக வேலையையும் தொலைக்க வேணாம். மே வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்றாள். கைவைத்தியம், பெரிய வைத்தியம் எதற்கும் கேட்காது என்று டாக்டர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அதற்கு மறுநாள்தான் பின்பக்கத்தைக் கொத்தித் தரச் சொன்னாள். உருளை வர எத்தனை மாசம் ஆகும் என்று கடையில் விசாரித்தாள். நாலு மாசம் என்றார்கள். "அது போதும்" என்றாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மாப்பிள்ளை. மறைத்து என்ன ஆகப்போகிறது? சத்தியத்தை மீறக்கூடாது என்று, கிழங்கைச் சாக்கு வைத்து ஒரு வரி எழுதினேன். நீங்கள் தோல் முற்றவில்லை என்று பதில் போட்டீர்கள். அதற்குப் பிறகும் நான் மண்வெட்டியை எடுத்தேன். தோண்டி ஒரு கிழங்கையாவது வேகவைத்துக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் விடவில்லை. "தம்பி சொல்லிட்டான்ல, முத்தட்டும். அவன் வந்து எடுக்கட்டும்" என்றாள். நீங்கள் சொன்ன இரண்டு வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

ஜன்னலில் பரப்பி வைத்த பச்சைக் கிழங்கெல்லாம் முளைவிட்டிருக்கின்றன. என்ன செய்யட்டும்? வெட்டி நடுவதா, எப்படி வெட்டுவது? எறிய மனசு வரவில்லை.

மச்சான்

ஜூன் 19

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உங்கள் கோபம் நியாயம். நீங்கள் இன்னும் திட்டியிருக்கலாம்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னால் எழுதி முடிக்க முடியாது. முளைவிட்ட கிழங்குகளை வெட்ட வேண்டாம். முழுசாக நடுங்கள். புதைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். மண் அணைக்க நான் வருகிறேன். ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, இப்போது விடுப்புக் கேட்டால் உடனே கொடுக்கிறார்கள். அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

டப்பாவில் அனுப்பினாளே, அந்தக் கிழங்கு என் மேசையில்தான் இருக்கிறது. சுருங்கிப்போய்விட்டது, ஆனாலும் இடுப்பு தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு, எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். சரியான கேள்விதான், மச்சான். பதிலும் அவள் முன்னாலேயே எழுதிவிட்டாள். வெள்ளை விரிப்பு, உப்பில்லாத சாப்பாடு, உங்களுக்கு ஒரு பெஞ்சு. சட்டைகளைப் பிடித்துத் தைத்தது, குனிந்தால் தலை சுற்றியது, மெஷினை மிதிக்க முடியாமல் போனது, எல்லாம் எழுதியிருக்கிறாள். முகம் தெரியாத யாராவது இப்படி எழுதியிருந்தால் பிப்ரவரிக் கடிதத்திலேயே பிடித்திருப்பேன். இது அக்கா எழுதியது. அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு இலையை மட்டும் பார்த்தேன்.

நோயோடு கிடந்தவளைச் சோம்பேறி என்று எழுதினேன். அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள் என்று நீங்கள்தான் உங்கள் கையால் எழுதினீர்கள். உங்களுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் உறைகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றையும் பிரிக்கவில்லை. எனக்கு அவள் வேண்டும், மச்சான். வேறு எதுவும் தோன்றவில்லை.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? டெப்போவில் ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், லீவு நாளில் என்ன செய்கிறீர்கள்? அந்த வீட்டில் தூக்கம் வருகிறதா? வண்டி ஓட்டும்போது மனசு வண்டியில் இருக்கிறதா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். 'நலம்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

தம்பி